மைனி, தோல் காயணும்

கன்னடியன் கால்வாய் வயலில்
அறுப்புத் தாளில் மேய்ந்த வாத்து
கழுத்தில் சணலோடு
குளியலறைக் கம்பியில் தொங்குகிறது.
எதிரே மேசை விசிறி.

"ராத்திரி பூரா காயணும், மைனி."
ஹாங்காங் ஓட்டலில் செல்வினுக்கு
ஒன்பது வருசம் தட்டு கழுவுகிற வேலை.
வாத்து வெட்டினது வேற ஆள்.

இரண்டு மணிக்குக் கரண்டு போச்சு.
எழுந்து பார்த்தால்
பனை விசிறியால் வீசிக்கொண்டிருக்கிறான்,
காய்ச்சல் பிள்ளைக்கு வீசுவதுபோல.

பூச்சுக்குக் கருப்பட்டிப் பாகு.
வீரவநல்லூர் பேக்கரி அடுப்பில்
பன் இறங்கின சூட்டில் வெந்தது.
சுருட்டித் தின்ன வீச்சுப் பரோட்டா.
வெள்ளரிக்காய் மட்டும் வெள்ளரிக்காய்.

இலை போட்டாச்சு.
இவர் கேட்டார்:
"குழம்பு எங்கலே?"

செல்வின் கத்தியைத் துடைத்தான்.
துடைத்ததையே துடைத்தான்.

ரசம் எடுக்கப் போகிறவளாய்
ஒரு துண்டுத் தோலோடு அடுக்களைக்குள் வந்து
நின்றபடி கடித்தேன்.

அந்தச் சத்தம்
அவனுக்குக் கேட்டிருக்கும்.