மோவாய்க்குக் கீழே

பூ வாங்க வருகிறவர்களிடம்
வெல்கா முதலில் பூவைப் பற்றிக் கேட்க மாட்டாள்.
மேசை எவ்வளவு அகலம்?
ஜன்னல் எந்தப் பக்கம்?
வீட்டில் பூனை உண்டா?
உண்டென்றால் லில்லி வாளியைக்
காலால் ஓரம் தள்ளிவிடுவாள்.

நான் அவளுடைய வண்டி ஓட்டுகிறவன்.
பின்னால் வாளிகள், ஈரச் சாக்கு.
முன்னால் அன்றைய முகவரிகள்.
ரீகாவின் வாசல்களை
நான் உயரம் வைத்துத்தான் அடையாளம் சொல்வேன்.

ஹோட்டல் முகப்புக்கு ஆளுயரக் கிளைகள்.
அங்கே யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை,
பெட்டியை இழுத்தபடி கடந்துபோகிறவர்களுக்குத்
தூரத்திலேயே தெரிய வேண்டும்.
பிரசவ விடுதிக்கு மணமில்லாதது, கைப்பிடி அளவு,
மருந்துக்கும் தண்ணீர் ஜாடிக்கும் நடுவே
ஒண்டிக்கொள்கிற மாதிரி.
செப்டம்பர் முதல் நாள் பள்ளிக்கு கிளாடியோலஸ்,
கொண்டுபோகிற பிள்ளையைவிட நீளம்.
பத்து மணிக்குள் ஆசிரியை மேசையோடு காணாமல் போவாள்.
தரை துடைக்கிற வாளியும் பூ ஜாடியாகும்.
ஜூன் நடுவில் ஆண்களுக்கு ஓக் இலை வளையம்.
தலைச் சுற்றளவு கேட்டால்
கிழவர்கள்கூட வெட்கப்படுகிறார்கள்.

இருப்பவர்க்கு ஒற்றைப்படை.
போனவர்க்கு இரட்டைப்படை.
இதை இங்கே யாரும் சொல்லித் தருவதில்லை.
ஒருமுறை எண்ண மறந்து
பெயர்நாள் வீடொன்றுக்கு எட்டு ரோஜா கொண்டுபோனேன்.
கதவைத் திறந்தவள் கண்ணாலேயே எண்ணினாள்.
ஒன்றை உருவி
என் சட்டைப்பையில் செருகிவிட்டு
நன்றி என்றாள்.

சாப்பாட்டு மேசைக்கு மட்டும்
வெல்கா தானே முழங்கை ஊன்றி உட்கார்ந்து பார்ப்பாள்.
மோவாய்க்கு மேல் ஓர் இதழ் எழும்பக் கூடாது.
பூவைப் பார்க்கவா விருந்துக்கு வருகிறார்கள், என்பாள்.

நவம்பரில்,
கல்லறைகளில் மெழுகுவர்த்தி எரிகிற ஒரு வாரத்தில்,
உல்டிஸ் என்றொருவர் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.
அப்பாவின் வீடு விலைபோகிறது.
நாளை கையெழுத்து, அதே வீட்டில், அதே மேசையில்.
எதிரே தங்கை மாருதா உட்காருவாள்.
முகம் கொடுத்துப் பேசி நான்கு வருடமாகிறது.
உயரமாய் ஒன்று வேண்டும், என்றார்.
அடர்த்தியாய்.
அவள் தெரியக் கூடாது.

வெல்கா ஏதாவது சொல்வாள் என்று நின்றேன்.
அல்லது தந்திரமாய்
இடைவெளி விட்டுக் கட்டுவாள் என்று.
இல்லை.
துருநிறச் சாமந்தி பதினொன்று, முழங்கை நீளத் தண்டுகள்,
இடையிடையே ஊசியிலைக் கொப்பு,
காற்றுகூட நுழையாதபடி நெருக்கி,
கேட்டதைக் கேட்டபடியே கட்டினாள்.
வண்டி வரைக்கும் எனக்கு ஆறவில்லை.
மேசை அவர்களுடையது, என்றாள்.

ஆற்றுக்கு அக்கரையில் பழைய மரவீடு.
திரைகளை முன்பே கழற்றியிருந்தார்கள்.
கடிகாரம் மாட்டியிருந்த இடம்
சுவரில் வெளுப்பாய் வட்டமிட்டிருந்தது.
நட்ட நடுவில் வைத்தேன்.
இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்: சாமந்தி.
அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்: சாமந்தி.
எதிரே யாருமில்லாதபோதே
யாரோ மறைந்திருப்பது போலிருந்தது.

மறுநாள் மாலை ஜாடியைத் திரும்ப எடுக்கப் போனேன்.
சாவி கதவிலேயே இருந்தது.
மேசை நடுவில் ஓர் ஈர வளையம்,
பக்கத்தில் ரொட்டித் துகள், வெண்ணெய்க் கத்தி.
கோப்பை ஒன்றின் விளிம்பில் உதட்டுச் சாயம்,
மற்றதில் இல்லை.
ஜாடியைத் தரையில், அணைந்த அடுப்போரம்,
கொப்புகள் சுவரைப் பார்க்க வைத்திருந்தார்கள்.
பழக்க தோஷம், எண்ணினேன். ஒன்பது.
மேசைக்கடியில் பார்த்தேன், குப்பைக் கூடையில் பார்த்தேன்.
சாய்வாய் நறுக்கிய தண்டுநுனி இரண்டு மட்டும் கிடந்தன.

கடைக்கு வந்து, ஒன்பது, என்றேன்.
வெல்காவின் கத்தரி நின்றது.
இரண்டா, என்றாள்.
பிறகு வாளியைப் பார்த்துக்கொண்டே,
ஜாடியில் விரிசல் ஏதும் இல்லையே?