காரணம் என்றொரு நிரல்

சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதும்
மோட்டார் சைக்கிளை நிறுத்திப் படிவங்களை எண்ணினேன்.
நாற்பத்திரண்டு வீடு, நாற்பத்திரண்டு தாள்.
இலக்கம், பெயர்,
அனுமதியற்ற மாற்றம், அபராதம்.
நான்கு நிரல். நான்கே போதுமென்று
கந்தோரில் எல்லோரும் நம்பியிருந்தோம்.

இந்த வீட்டை முதலில் வரைந்தவர்
ஏதோ குளிர்ப் பிரதேசத்துக்கு வரைந்திருக்க வேண்டும்.
சின்ன யன்னல், தாழ்ந்த கூரை,
நாற்பத்திரண்டு வாசலும் வீதியைப் பார்த்தபடி,
நாற்பத்திரண்டு முதுகும் கடலுக்கு.
திறப்பு விழாப் படத்தில்
அந்த நேர்கோடு அழகாகத்தான் இருந்தது.

ஏழாம் இலக்கம், மரியசீலி.
குசினிச் சுவரில் ஆறு கல் பெயர்த்திருந்தாள்.
"ஆனியில வந்து பாருங்கோ மிஸ்,
கச்சான் ஊதேக்க இதுக்குள்ள நிண்டு
ஒரு மீன்சட்டி இறக்கிப் பாருங்கோ."
நான் எழுதினேன்: ஆறு கல்.

பதினொன்றில் வாசலையே காணவில்லை.
முன்கதவைக் கழற்றிப் பின்னுக்குப் பூட்டிவிட்டு
வீதிப் பக்கத்தைச் சீமெந்தால் அடைத்திருந்தான்
புவிராஜசிங்கம்.
"விடிய எழும்பித்
தண்ணி என்ன நிறம் எண்டு பாக்காம
வள்ளத்தை எப்பிடித் தள்ளுறது?
வீதியில என்ன நிறம் பாக்க?"

இருபத்துமூன்று, நிஸ்மியா வீடு.
நடு அறைக்குக் குறுக்கே முதலில் புடவை,
பிறகு பலகை, பிறகு கல்.
மூன்று வருடச் சேமிப்பில் எழும்பிய ஒரு சுவர்.
வேலிப் பக்கம் பெண்களுக்குத் தனி வாசல்.
"ஆம்பிளையள் இரிக்கிற எடத்தக் கடந்துதான்
எங்கட சினேகிதிமார் வரணுமா, சொல்லுங்க"
என்று தேத்தண்ணி நீட்டினாள்.
ஒரு துளி அபராதத்தின் மேல் விழுந்தது.

சிறுவர் பூங்கா என்று குறித்த இடத்தில்
சறுக்குமரத்தில் வலை காய்ந்தது.
பிள்ளைகள் கரைவலைக் கயிற்றில் தொங்கினார்கள்.
கயிறு இழுக்கும் தடத்துக்குக் குறுக்கே
நாங்கள் கட்டிய மதிலில் ஒரு வாய்.
இருபது பேர் இழுத்தபடி
பின்னோக்கி நடக்கும் அகலம்.
அளந்தேன். பதினோரடி.
யாரும் வரையாமலே
எவ்வளவு சரியான பதினோரடி!

மத்தியானம் பனை நிழலில் குந்தி
ஐந்தாவது நிரலொன்று கையால் கீறினேன்.
காரணம்.
கோடு கோணல். அடிமட்டம் கந்தோரில்.
திரும்பவும் முதலாம் படலையிலிருந்து தட்டினேன்.
புகை.
வாடைச் சாரல், கட்டில் வரைக்கும்.
மச்சான் வீட்டோடு ஒரே கூரையில் சாப்பிட.
ஆடு.
ஒருத்தி சொன்னாள், "எனக்கு இப்பிடித்தான் விருப்பம்."
அதையும் எழுதினேன். அதுவும் காரணம்தானே.

நாற்பதாம் வீட்டில்
கடல் பக்க யன்னல் இரண்டையும்
கல்லடுக்கி, பூசி, வெள்ளையும் அடித்திருந்தது.
ஊரெல்லாம் உடைத்துத் திறந்த திசையை
இங்கே ஒருவர் மூடியிருந்தார்.
கதவடியில் நின்ற பசுபதிப்பிள்ளை
என் பேனையைப் பார்த்தார்.
நான் மூடியைப் போட்டேன்.
"வெக்கையா இருக்குமே" என்றேன், அசடாக.
"இருக்கும்" என்றார்.

இரவு கந்தோரில் தனியே
பழைய வரைபடத்தின் மேல் ட்ரேசிங் தாள் விரித்து
இருப்பதை இருக்கிறபடி வரைந்தேன்.
வடக்கைக் காட்டும் அம்புக்குப் பக்கத்தில்
வாடைக்கு ஒன்று, கச்சானுக்கு ஒன்று.
கயிற்றுக்குப் பதினோரடி.
ஆட்டுக்கு ஒரு சாய்ப்பு.
காலையில் பொறியியலாளர் வந்து
நோட்டீஸ்கள் எங்கே என்று கேட்பார்.
கோட்டையடி மான் தின்றுவிட்டதென்று சொல்லலாம்,
இந்த ஊரில் நம்புவார்கள்.
அல்லது தாளை அவர் முன் விரித்து
இதுதான் வீட்டுத்திட்டம் என்று சொல்லலாம்.
இன்னும் முடிவெடுக்கவில்லை.

நாற்பதாம் தாளில்
காரணம் வெறுமையாய்க் கிடக்கிறது.
வரைபடத்தில் அந்தச் சுவரை மட்டும்
இரண்டு தரம் கீறினேன், தடிப்பாக,
நாளைக்கு யாராவது பிழையென்று நினைத்து
அங்கே ஒரு யன்னல் வைத்துவிடாதபடிக்கு.