கூப்பன் கணக்கு

ஆகஸ்டில் எங்கள் ஃப்ளாட்டில்
நீலப் புள்ளி வைத்த குழாய்தான் கொதிக்கும்.
மொட்டைமாடித் தொட்டி பகல் முழுக்க வெயிலை வாங்கி
இரவு பதினொன்றுக்கும் கை பொள்ளத் தரும்.
அதனால் மே மாதமே கீசரை அணைத்துவிடுவோம்.
குளியலறைக் கூரைக்கடியில் தொங்கும் அந்த வெள்ளை வயிறு
சும்மா கிடந்து ஆறவைத்ததைச்
சிவப்புப் புள்ளியில் திறந்து குளிப்போம்.
முதல் இரண்டு பேருக்குத்தான் அதுவும்.
தண்மை இருந்தால்தான் தண்ணீர் என்று
பெயர் வைத்தவர்கள்
ஷார்ஜாவுக்கு வந்ததில்லை.

குடிக்க, கேன்.
ரோலாவுக்குப் பின்சந்தில் நான்காம் மாடி,
லிஃப்ட் படுத்துவிட்ட நாளிலும்
ரஃபிக்குல் தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாய் வருவான்.
கதவைக் காலால் தட்டுவான்.
ஃப்ரிட்ஜ் காந்தத்தடியில் இருக்கும் புத்தகத்தில்
கேனுக்கு ஒன்றாய்க் கிழித்துக் கொடுப்பேன்.

ஆறு பேர். முப்பது கூப்பன். முப்பது நாள்.
அரிசி களையக் குழாய், உலை வைக்கக் கேன்.
பல் துலக்கக் குழாய், மாத்திரை விழுங்கக் கேன்.
சிபி பதிமுகம் போட்டுக் காய்ச்சும் சிவந்த நீர்
அவன் தனிக் கணக்கு; யாரும் கேட்பதில்லை.
தண்ணியாச் செலவழிக்கிறான் என்று ஊரில் திட்டுவார்கள்.
இங்கே அப்படித் திட்டினால்
கஞ்சன் என்று பொருள்.

இந்த மாதம் புத்தகம்
இருபத்தொன்றாம் தேதியே அட்டையாகிவிட்டது.

மீரான் சைட்டுக்கு இரண்டு பாட்டில் நிரப்புவதைச் சொன்னார்கள்.
மீரான் சிபியின் ரசத்தைச் சொன்னான்.
எட்வின் மட்டும் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து
எல்லோர் முன்னும் குடித்துக் காட்டினார்:
"கடலையே உப்பெடுத்து அனுப்புறான், உங்களுக்கு இன்னும் என்ன?"
கடலைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.
தொட்டியைத்தான் நான் மேலே போய்ப் பார்த்திருக்கிறேன்.
கழுவிய தேதி ஒட்டிய ஸ்டிக்கரில்
வெயில் தேதியை மட்டும் தின்றுவிட்டிருந்தது.

கவிழ்த்த கேன் பேசும்.
ஒரு டம்ளர் பிடித்தால் ஒரு ஏப்பம்.
அன்று இரவு இரண்டரைக்கு
ஒன்று, இரண்டு என்று எண்ணி
பதினான்கில் எழுந்து உட்கார்ந்தேன்.

குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது.
மொபைல் வெளிச்சத்தில் பெத்துராஜ்
வாளிக்கு முன் குந்தி, தலை குனிந்து,
மக்கில் மொண்டு மொண்டு, சத்தம் வராமல்,
தலைமுடியை அலசிக்கொண்டிருந்தான்.
பக்கத்தில் ஒரு டிஷ்யூ. அதன்மேல்
ஈரமாய்ச் சுருண்ட முடிகள், வரிசையாய்.
"குழாத் தண்ணில நாப்பத்தாறு கொட்டுச்சு.
இதுல இன்னிக்கு முப்பத்தொண்ணு."
டிசம்பரில் கல்யாணம்.
பெண் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாளாம்,
போன வருஷப் போட்டோ.

நான் என் வழுக்கையைத் தடவிக்கொண்டு நின்றேன்.
அவன் மன்னிப்புக் கேட்கவில்லை.
"சரிக்கட்டத்தான் பாக்குறேன் அண்ணே,
குடிக்கிறதக் கொறச்சுக்கிட்டேன்" என்றான்.
லாண்டரியில், நீராவிக்குள்,
பத்து மணி நேரம் நிற்கிறவன்.

காலையில் நோட்டில் பேனா வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தேன்.
'கசிவு' என்று எழுதினேன்.
டிஸ்பென்சர் ஒழுகுது என்று சொன்னேன்.
வெள்ளிக்கிழமை எட்வின் டெஃப்லான் டேப் வாங்கி வந்து
ஒழுகாத குழாயைக் கழற்றி
சுற்றினார், சுற்றினார்,
ஒரு உருளை தீரும்வரை சுற்றினார்.
பெத்துராஜ்தான் டார்ச் பிடித்தான்.
"இனி சொட்டு போகாது" என்றார் எட்வின்.
"போகாது" என்றான் அவனும்.

புதுப் புத்தகத்தில் இன்று ஐந்தாவது கிழித்தேன்.
இரவு, விளக்கணைந்தபின்,
ஒரே ஒரு ஏப்பம்.
அடுத்ததற்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.
டம்ளர் வைக்கும் சத்தம்.
யாரோ ஒருவன், நிறைய,
குடித்திருக்கிறான்.