நாற்பத்து மூன்று ஹெர்ட்ஸ்

கண்ணில் படக்கூடாது என்றார் ஷு ஃபென்.
நெஞ்சில் இடிக்கணும் என்றார் கியோங்.
இருவருக்கும் நடுவே
பதினேழு சென்டிமீட்டர் கேட்டேன்.
பதினைந்து தந்தார்கள்.

ஹவ்காங், ஒன்பதாவது மாடி.
கான்கிரீட்டில் கை வைக்க அனுமதி இல்லை.
அதன் முன்னால் ஜிப்சம் பலகையில்
மெய்ச்சுவருக்கு ஒரு பொய்ச்சுவர் எழுப்பினோம்.
ஐந்து மணிக்கு மேல் துளையிட முடியாது,
அதனால் ஐந்துக்கு மேல்
முத்தரசு திருகாணிகளை எண்ணிக்கொண்டிருப்பான்,
பாறைப்பஞ்சு ஒட்டிய முழங்கையைச் சொறிந்தபடி.

பெட்டி, தாய்லாந்து அரிசி மூட்டை ஒன்றின் கனம்.
நான்கு ரப்பர் காலில் உள்ளே நிறுத்தி
துணிவலை போர்த்தி
சுவரின் நிறத்தையே அதற்கும் பூசினோம்.

கொசு எந்தக் காதருகே பாடுகிறது என்று
இருட்டிலும் தெரிந்துவிடும்.
அடித்தொனிக்கு அப்படி முகவரி கிடையாது.
தரை என்பீர்கள், சோபா என்பீர்கள்,
சில சமயம் உங்கள் சொந்த வயிறு என்பீர்கள்.
காதின் இந்த ஒரு குறையை நம்பித்தான்
நான் வாடகை கட்டுகிறேன்.

முதல் நாள் ஹெலிகாப்டர் படம் போட்டார் கியோங்.
கோப்பையில் தேநீர் வட்டம் வட்டமாய் நடுங்கியது.
ஷு ஃபென் உள்ளங்கையால் சுவரெல்லாம் தடவி
தவறான இடத்தில் நின்று
"இங்கேதானே?" என்றார்.
பாக்கித் தொகை அன்றிரவே வந்துவிட்டது.

மூன்றாம் வாரம் அழைப்பு.
உள்ளே ஏதோ கிணுகிணுக்கிறதாம்.

காலணி கழற்றி, கைபேசியை இணைத்து
தொனியை அடியிலிருந்து ஏற்றினேன்.
இருபதில் ஒன்றுமில்லை.
முப்பத்தைந்தில் சன்னல் கம்பி லேசாய் முனகியது.
நாற்பத்து மூன்றில்
கிண்.
முத்தரசு முகம் வெளுத்தான்:
அவனுடைய திருப்புளி முனை ஒன்று
அந்த வாரம் தொலைந்திருந்தது.
வலையைப் பிரித்துக் கைவிட்டுத் துழாவினேன்.
பஞ்சுதான்.
பொய்ச்சுவரில் காது வைத்தேன், அங்கேயும் இல்லை.
மெய்ச்சுவருக்கு அந்தப் பக்கம்.

அடுத்த கதவைத் தட்டினேன்.
மெஹ்ருன்னிசா.
பேருந்து ஓட்டுபவர், முதல் வண்டி அவருடையது,
எட்டு மணிக்கே படுத்தால்தான் ஆகும்.
சுவரோரம் கண்ணாடி அலமாரி.
ஒவ்வொரு கிளாசுக்கும் இடையே
பீட்சா விளம்பரத்தாள்
நான்காய் மடித்துச் செருகியிருந்தார்.
ஒன்று மட்டும் நழுவிக் கிடந்தது.

"சுரங்க ரயிலுக்குத் தோண்டுறாங்கல்ல," என்றார்.
"ராத்திரி எட்டரைக்கு ஆரம்பிப்பாங்க.
வெள்ளி, சனின்னா பன்னிரண்டு வரைக்கும்.
ஊருக்கு நல்லது நடக்குது,
நான் போய் யார்கிட்ட சொல்ல?"

அதே அலமாரியிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து
தண்ணீர் கொடுத்தார்.
குடித்தேன்.
கையில் அது சத்தமில்லாமல் இருந்தது.
"ஆமா, தோண்டுறாங்க" என்று என் வாய் சொன்னது.

திரும்பி வந்து
நாற்பத்து மூன்றை ஒன்பது டெசிபல் வெட்டினேன்.
எட்டரைக்கு மேல் மொத்தமாய்ப் பாதிக்குத் தணியும்படி
கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன்.
என்னவாம் என்றார் கியோங்.
ஒரு திருகாணி தளர்ந்திருந்தது, முடுக்கிவிட்டேன்.
அன்றிரவே மீண்டும் அழைத்தார்:
ஹெலிகாப்டர் கொஞ்சம் தூரமாய்ப் பறக்கிறதே?
புதுச்சுவர், இன்னும் காய்கிறது என்றேன்.
ஒரு சுவருக்கு இரு பக்கமும்
பூச்சு வேலை என்னுடையது.

போன மாதம், மழை,
ஓடிப்போய் ஏறிய பேருந்தில் அவர்தான் ஓட்டுநர்.
அடையாளம் கண்டு சிரித்தார்.
"சுரங்கம் எங்க வீட்டைத் தாண்டிப் போயிருச்சு போல.
இப்பல்லாம் நல்லாத் தூங்குறேன்."

அட்டையைத் தட்டினேன்.
பீப்.
அது எங்கிருந்து வந்தது என்று
பேருந்தில் எல்லோருக்கும் தெரிந்தது.