வெறும் வயிறு

ராத்திரி உறை ஊற்றிய கிண்ணத்தை
இன்வெர்ட்டர் மேல் வைத்திருந்தேன்.
தை பிறந்தும் விடாத பனியில்
இந்த வீட்டில் சூடாக இருப்பது அது ஒன்றுதான்.
நாலே முக்காலுக்குச் சாய்த்துப் பார்த்தேன்,
நகராமல் நின்றது தயிர்.
கரண்டி இறங்கியதும் ஓரம் உடைந்து
மடை திறந்த வயல்போல்
மெல்லத் தண்ணீர் கசிந்தது.

அடியில் காட்டுயானம் அவல், ஒரு பிடி,
கழுவிப் பிழிந்தது.
மேலே தயிர். அதன்மேல் கொய்யா.
விதை பல்லில் மாட்டும், மாட்டட்டும்.
பூவன் பழத்தைக் கடைசியில்தான் நறுக்க வேண்டும்,
முந்தினால் கறுத்துப்போய் முகத்தைத் தூக்கும்.
மாடிவீட்டு ஜெசிந்தாக்கா
அணிலுக்கு முந்திப் பறித்துத் தந்த பப்பாளி.
மாதுளை உடைக்கும்போது மட்டும்
எட்ட நிற்பேன்.
என் வெள்ளைக் கோட்டில் சிவப்புத் தெறித்தால்
பழச்சாறு என்று யார் நம்புவார்கள்?

சர்க்கரை கிடையாது.
நாள் முழுக்க இருநூற்று எண்பது, முந்நூற்றுப் பத்து
என்று எழுதுகிற கை
அந்த டப்பா பக்கம் போவதில்லை.

பாதியை நின்றபடி தின்றேன்.
பாதி பத்து மணிக்கு, டப்பாவில்.

ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கினால்
தெற்கு வீதி வாசல்படியில்
திருவாரூரே பசியோடு உட்கார்ந்திருக்கும்.
கொள்முதல் நிலையத்து எடைக்காரர்,
கமலாலயத்தைச் சுற்றி நடந்துவிட்டு
அப்படியே வந்த ஹெட்மாஸ்டர்,
ஓடம்போக்கிப் பாலம் தாண்டி
சைக்கிள் மிதித்து வந்த பூக்கடைக்காரர்.
"டீ குடிச்சீங்களா?"
"பச்சைத் தண்ணிகூட இல்லம்மா."
சொல்லும் மூச்சில் ஏலக்காய்.
முறைத்தால், "ஒரே ஒரு வாய்..."
நான் இரண்டு தடவை வாய் கொப்பளித்துவிட்டுத்தான்
இவர்கள் முன்னால் நிற்கிறேன்.
இத்தனை பேரில் சாப்பிட்டவள் நான் ஒருத்தி.

டோக்கன் பதினொன்று, பவதாரணி.
பூந்தோட்டத்திலிருந்து முதல் பஸ்.
தலைசுற்றல் என்று டாக்டர் எழுதிய சீட்டில்
சுகர், ஹீமோகுளோபின்,
கடைசி வரியில் கோழிக்கிறுக்கலாய் இன்னொன்று.
சிறுநீர் டப்பியைத் தட்டில் வைத்துவிட்டு
கையை நீட்டினாள்.
இரண்டாவது குழாய் நிரம்பும்போது
"அக்கா, லைட்டு போயிடுச்சா?" என்றாள்.
போகவில்லை.
அவள்தான் போய்க்கொண்டிருந்தாள்.

பெஞ்சில் சாய்த்தோம். எடைக்காரர் துண்டால் விசிறினார்.
ஹெட்மாஸ்டர் யாருடைய செருப்பையோ தள்ளி வழிவிட்டார்.
எழுந்ததும் முதல் சொல்: "பசிக்குது."
எல்லாரும் சிரித்தார்கள்,
எல்லாருக்கும் பசித்தது.

உள்ளே போனேன் டப்பா எடுக்க.
பக்கத்துத் தட்டில்
மெல்லிய பட்டையில் ஒரு கோடு ஏற்கெனவே இருந்தது.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
இரண்டாவதும் ஏறியது, இளஞ்சிவப்பாய்.

ரிசல்ட்டை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.
நாங்கள் சொல்லக்கூடாது.
ஏழு வருஷத்தில் ஒருநாளும் சொன்னதில்லை.

டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.
"தயிரும் பழமும். சளி பிடிக்காது, தின்னு."
நீட்டிய டப்பாவை
நானே திரும்ப இழுத்துக்கொண்டேன்.
கொஞ்சம் பழுத்த பப்பாளி ஒன்றும் செய்யாது,
படித்திருக்கிறேன், பரீட்சையும் எழுதியிருக்கிறேன்.
ஆனால் ஸ்பூன் எங்கே கேட்டது?
ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி
மூடியில் ஒதுக்கியது:
ஒன்று, இரண்டு, தயிருக்கடியில் ஒளிந்த மூன்றாவது.

அவள் மூடியைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
பிறகு ரொம்ப நேரம் மூடியையே.

ஒன்றும் கேட்கவில்லை.
மாதுளை முத்து ஒன்றைப் பல்லிடையில் நிறுத்தி
கடிக்காமல் வைத்திருந்தாள்.

"டோக்கன் பன்னிரண்டு" என்றேன்,
தேவைக்கு மேல் சத்தமாக.

பத்து மணிக்கு
மூடியிலிருந்த பப்பாளியை நான் தின்றேன்.
நல்ல இனிப்பு.