உள்ளூர் என்றொரு அடைவு

சஸ்கட்டூன். மைனஸ் முப்பத்தொன்று.
பருப்புப் பரிசோதனைக்கூடத்தில்
எனக்கும் சேர்வருக்கும் மட்டும் விழிப்பு.

பெரிய மேம்படுத்தல், செய்யட்டுமா என்று கேட்டது.
ஆம் என்றேன்.
தொள்ளாயிரத்துச் சொச்சம் பேக்கேஜ்கள்
சமர்த்தாக வந்து உட்கார்ந்தன.
யாருக்கும் தேவைப்படாதவற்றை நீக்கட்டுமா?
அதற்கும் ஆம்.

மறுபடி எழுந்தபோது
பருப்பைத் தரம் பிரிக்கும் கமரா குருடாகியிருந்தது.

ஒரு லைப்ரரியின் வால் எண்
ஏழாக இருந்தது எட்டாகியிருக்கிறது.
யாரும் கேட்கவில்லையென்று
ஏழை வெளியே தள்ளிவிட்டது பேக்கேஜ் மேலாளர்.
(எண்ணைத்தான் சொல்கிறேன்.)

கேட்க ஒருவர் இருந்தார்.
அவர் பெயர் பேரேட்டில் இல்லை, அவ்வளவுதான்.
யூஎஸ்ஆருக்குள்ளே லோக்கல் என்ற அடைவில்
நாலு வருசமாகக் குடியிருந்தது அந்த நிரல்.
தராஸ் ஹ்னாத்திவ் கையால் கம்பைல் செய்து
அப்படியே விட்டுப்போனது.

எனக்குச் சிரிப்பு வந்தது.
ரசீதில்லாமல், கூட்டிவந்தவர் குறிப்பில்லாமல்
வந்திறங்கியவற்றுக்கெல்லாம்
இங்கே பெயர் உள்ளூர்.
பதினொரு வருசமாக
இந்த நாட்டின் எல்லாப் பதிவேட்டிலும் இருக்கிறேன்,
என்னை ஒருவரும்
அந்தச் சொல்லால் அழைத்ததில்லை.

யார்க்டனுக்கு அழைத்துக் கதைத்தேன்.
இரட்டைக் குழந்தைகளில் ஒன்று தோளில் வீறிட
தராஸ் சொன்னான்:
களஞ்சியத்தில் கிடைப்பது
தோல் வெடித்த சிவப்புப் பருப்பைக் கல் என்று சொல்லும்.
நான் பதினொரு வரி மாற்றினேன்.
மூலம் எங்கே?
'கடைசி-புதியது-இரண்டு' என்ற உறையில்.

களஞ்சியத்தை மட்டும் நம்பினால்
நாளை ஒரு ரயில் நிறையக் கல்.
எல்லாவற்றையும் நானே கட்டினால்
ஊரே முறைவைத்துக் காக்கும் வாசலை விட்டுவிட்டு
ஒவ்வோர் ஓட்டைச் செய்திக்கும்
நானே இரவெல்லாம் கதவாக நிற்கவேண்டும்.

தேத்தண்ணி ஆறிப்போகும் வரை
எச்சரிக்கை வரிகள் மேலேறிக்கொண்டே இருந்தன.
எட்டோடு சேர்ந்து கட்டிமுடிந்தது.
மேக் இன்ஸ்டால் என்று அடித்த விரலை
என்டருக்கு முன் நிறுத்தினேன்.

இல்லை. இந்தமுறை பொட்டலமாகவே உள்ளே போகட்டும்.

ஒரு சின்னக் கோப்பு எழுதினேன்.
பெயர். வெர்ஷன், அதன் பின்னால் சஸ்க்-ஒன்று.
சார்ந்திருப்பது: அந்த லைப்ரரி, எட்டு.
பொறுப்பாளர்:

கர்சர் துடித்தது.
தராஸ் என்று அடித்து அழித்தேன்.
சுகிர்தா நவரத்தினராசா என்று முழுசாக அடித்தேன்.
வங்கி அட்டையில் பாதியில் வெட்டுப்படுகிற பெயர்.
இங்கே இடம் போதுமாயிருந்தது.

நிறுவி, என்னைக் கேட்காமல் மாற்றாதே என்று
ஒரு பிடியும் போட்டுவைத்தேன்.
பதினொரு வரிகளை மூல ஆசிரியர்களுக்கும் அனுப்பினேன்,
தராஸின் பெயரில்.
பதில் இன்னும் இல்லை.
அவர்கள் சேர்த்துக்கொண்டால்
அன்றைக்கே பிடியை விட்டுவிடுவேன்.

கமரா கண் திறந்தது.
தோல் வெடித்த ஒன்றைப் பருப்பு என்றது.

அதன்பிறகு ஒவ்வொரு புதனும்
திரையின் அடியில் அந்த வரி வருகிறது:
மேம்படுத்தப்பட்டவை நாற்பது,
நீக்கப்பட்டவை எதுவுமில்லை,
நிறுத்திவைக்கப்பட்டது ஒன்று.

நாற்பதை நான் வாசிப்பதில்லை.