நொடிக்குப் பதினெட்டு

அந்தப் படம் என்னிடம் மூன்று விதமாக இருக்கிறது.
ஒன்று கேசட். மதுரையில் ஒரு நூலகம் கழித்துக்கட்டியதை
எடைக்கு வாங்கினேன்.
இரண்டாவது, அதையே பார்த்து எவனோ அடித்த டிவிடி.
மூன்றாவது, சீனி உதுமான் ஷார்ஜாவிலிருந்து
கைலிகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்த ப்ளூ-ரே.

தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனியில் இரவு ஷிப்ட் எனக்கு.
கம்ப்ரஸர் அறைக்கு அடுத்து டிவி.
இங்கே எந்த ப்ளேயருக்கும் ஆயுள் மூன்று வருஷம்,
லென்ஸை உப்பு தின்னும்.
கேசட்டில் பூஞ்சை சொறிமீனாகப் பூத்து
கதாநாயகன் முகத்தின் மேல் மிதந்து போகும்.
ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பேன்.

நோட்டில் கோடு கிழித்து மார்க் போடுகிறவன் நான்.
படம்: கேசட்டுக்கு மூன்று.
டிவிடிக்கு மூன்றரை, கறுப்பெல்லாம் அதில் கருவாட்டுச் சாம்பல்.
ப்ளூ-ரேக்கு எட்டரை.
முழுசாகக் கொடுக்காததற்குக் காரணம் உண்டு:
துடைக்கிறேன் பேர்வழி என்று
மணலையும் துடைத்துவிட்டார்கள்.
கரை, மெழுகின தரை மாதிரி.
கரையில் இருக்கிறவன் இதை ஒப்ப மாட்டான்.

ஊமைப்படத்துக்கு என்னடா ஒலி என்பான் சந்தியாகு.
இருக்கிறது.
கேசட்டில் ஒரு பியானோ, பந்திக்கு முந்துகிற அவசரத்தோடு,
அதன் பின்னால் எண்ணெய் காய்கிற இரைச்சல்.
டிவிடியில் அதே பியானோ, தண்ணீருக்கு அடியில்.
புதியதில் நாற்பது பேர் வாசிக்கிறார்கள்.
வில் கம்பியில் படுமுன்
யாரோ மூச்சிழுப்பதுகூடக் கேட்கிறது.
நூறு வருஷப் படத்தில்
போன வருஷத்து மூச்சு.

அதெல்லாம் சரி.
படத்தில் ஓரிடம். படகு திரும்பவில்லை என்று
ஒரு பையன் வந்து சொல்வான்.
அவள் சட்டியை இறக்கிவிட்டுக் கரைக்கு ஓடுவாள்,
கல்லெறிபட்ட கோழி மாதிரி,
முக்காடு பறக்க, பியானோ துரத்த.
ஒன்பது வருஷம் அந்த இடத்தில் சிரித்தோம்.
பார் உடைக்கிற பையன்கள் ரீவைண்ட் கேட்டுச் சிரித்தார்கள்.
சந்தியாகு கைலியை மடித்துக் கட்டி
ஓடியே காட்டுவான்.

அதை நொடிக்குப் பதினெட்டு ஃப்ரேம் சுற்றி எடுத்தார்களாம்.
கேசட்காரன் இருபத்தைந்தாக ஓட்டிவிட்டான்.
ப்ளூ-ரே உறையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

அவள் ஓடவே இல்லை.
நடக்கிறாள்.
பாம்பன் பாலத்தில் ரயில் ஊருகிற மாதிரி,
தாங்குமா தாங்குமா என்று
கேட்டுக் கேட்டுக் காலை வைக்கிறாள்.
அதற்கு முன்னால், குனிந்து
சட்டியின் மூடியைச் சரிசெய்கிறாள்.
இத்தனை நாள் அந்த மூடி எங்கள் கண்ணில் படவில்லை.

ஒரு பையன் பழக்கத்தில் சிரிக்க ஆரம்பித்து
பாதியில் விட்டான்.
சந்தியாகு ரிமோட்டை வாங்கி
நாற்பது பேரையும் நிறுத்தினான்.
கம்ப்ரஸர் மட்டும் ஓடியது.
'எங்க மதினி இம்புட்டு மெதுவாத்தான் வந்துச்சு.'
அவ்வளவுதான் சொன்னான்.
வெளியே லாரி ஹாரன் அடித்தது,
நூற்றெண்பது பார் ஏற்ற வேண்டியிருந்தது.

உதுமான் போனில் கேட்கிறான், காசுக்குத் தகுமா என்று.
படம் எட்டரை என்றேன்.
ஒலிக்கு?
இன்னும் போடவில்லை.
அப்போ பழசைத் தூக்கிப் போடு என்கிறான்.

நேற்று பஞ்சும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்து
கேசட்டைக் கையாலேயே சுற்றிச் சுற்றித் துடைத்தேன்,
பையன் வந்து சொல்கிற இடம் வரைக்கும்.